சத்தம் என்று நிறுத்தினீர்களே, அதுதான் கிளாசிக்கல்

நீங்கள் கேட்டதை முதலில் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். கிளாசிக்கலையும் ராக்கையும் கலந்த ஆல்பம் என்று யாரோ எமர்சன், லேக் அண்ட் பால்மர் என்ற பிரிட்டிஷ் பேண்டின் முதல் ஆல்பத்தைக் கைகாட்டியிருக்கிறார்கள். வயலின் கூட்டமாக வரும், மொசார்ட் மாதிரி ஏதாவது இருக்கும், பின்னால் டிரம்ஸ் தட்டுவார்கள் என்று நினைத்துப் போட்டிருக்கிறீர்கள். முதல் பாட்டிலேயே பேஸ் கிதார் உறுமுகிறது, ஆர்கன் கத்துகிறது, நாலு நிமிடத்தில் நிறுத்திவிட்டீர்கள். 'இதில் கிளாசிக்கல் எங்கே இருக்கிறது, எனக்கு மட்டும்தான் கேட்கவில்லையா?' இதுதான் கேள்வி.

நீங்கள் நிறுத்திய அந்த நாலு நிமிடமும் கிளாசிக்கல்தான். ஆல்பத்திலேயே கிளாசிக்கல் அதிகம் உள்ள இடம் அது. 'தி பார்பேரியன்' என்று பெயர் போட்டிருக்கும் அந்த முதல் பாட்டு, ஹங்கேரியின் பேலா பார்டோக் 1911இல் தனிப் பியானோவுக்கு எழுதிய 'அலெக்ரோ பார்பரோ'. இவர்கள் அதை பேஸ், ஆர்கன், டிரம்ஸுக்கு மாற்றி, நடுவில் கொஞ்சம் தங்கள் சரக்கையும் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இரைச்சல் இவர்கள் சேர்த்தது என்று நினைக்காதீர்கள், பார்டோக்கிலேயே இருக்கிறது. அந்த மனிதர் பியானோவை ஒரு தாள வாத்தியமாகப் பார்த்தவர். இடது கை ஒரே கார்டை, அதாவது ஒரே சுரக்கூட்டை, திரும்பத் திரும்ப உலக்கை மாதிரி இடிக்கும், மேலே வலது கையில் கிராமத்துப் பாட்டு மாதிரி ஒரு மெட்டு ஓடும். அப்படி இடிக்கிற இடங்களை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர்கள் 3 பார், 5 பார், 8 பார், 13 பார் என்றுதான் வருகிறது என்று சொல்வார்கள். பார் என்றால் நம்ம தாள வட்டம் மாதிரி, முந்தைய இரண்டு எண்ணையும் கூட்டினால் அடுத்த எண். நம்மூர் லயக்காரர்களுக்கு இதைச் சொன்னால் கண் விரியும்.

பார்டோக் எங்கிருந்து இதைப் பிடித்தார் என்றால், கோடாய் என்ற நண்பரோடு ஃபோனோகிராஃப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹங்கேரி, ருமேனியா பக்கத்துக் கிராமங்களில் அலைந்து நாட்டுப்பாடல்களை மெழுகு உருளைகளில் பதிவு செய்தவர் அவர். பணக்கார வீட்டு வரவேற்பறைகளில் வாசிக்கிற இனிப்பான பியானோவை விட்டு அவர் காது எப்போதோ வெளியே போய்விட்டது. பாரிஸில் நடந்த ஒரு கச்சேரிக்குப் பிறகு அங்கே இருந்த விமர்சகர்கள் இந்த ஹங்கேரிக்காரர்களைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதினார்கள், அதற்குப் பதிலடியாகத்தான் 'பார்பரோ' என்று பெயர் வைத்தார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். ஆக 1911லேயே இது சத்தம் என்று பெயர் வாங்கின வகை இசை. நீங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, தப்பாக நினைக்காதீர்கள்.

இந்த ஆல்பத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். அதற்கு முன்னால் கிளாசிக்கலைத் தொட்ட பிரிட்டிஷ் ராக்காரர்கள் பெரும்பாலும் அதன் இனிமையை எடுத்தார்கள். 1967இல் புரோகோல் ஹாரமின் 'எ ஒய்ட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டில் ஆர்கன், பழைய ஜெர்மன் இசைமேதை பாக்கின் வாசனையோடு மிதக்கும். அதே வருடம் மூடி ப்ளூஸ் ஒரு ஆல்பம் முழுக்க ஆர்க்கெஸ்ட்ராவைத் தேன் மாதிரி ஊற்றினார்கள். 1969 செப்டம்பரில் டீப் பர்ப்பிள் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்தது, ஆனால் அங்கே இரண்டும் மாறி மாறிப் பேசுமே தவிர ஒன்றுக்குள் ஒன்று போகாது, கல்யாண வீட்டில் இரண்டு பக்கத்துச் சம்பந்திகள் மாதிரி. எமர்சன், லேக் அண்ட் பால்மரின் முதல் ஆல்பத்தில் ஆர்க்கெஸ்ட்ராவே கிடையாது. ஒரு வயலின்கூட இல்லை. கிளாசிக்கலில் இடிக்கிற, முட்டுகிற, ஊதுகிற பக்கத்தை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். ஏனென்றால் ராக்குக்கு ஏற்கெனவே நெருக்கமாக இருந்தது அந்தப் பக்கம்தான். அதனால்தான் ஐம்பது வருடம் கழித்தும், அந்தக் காலத்து ஆர்க்கெஸ்ட்ரா ராக் நிறைய திகட்டிப்போன பிறகும், இந்த இசைத்தட்டின் முதல் பக்கம் இன்னும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது என்பது என் எண்ணம்.

சரி, ஆட்கள் யார்? மூன்று பேருமே வேறு வேறு பேண்டிலிருந்து வந்தவர்கள். கீத் எமர்சன், கீபோர்ட். 'தி நைஸ்' என்ற பேண்டில் இருந்தவர், அங்கேயே பாக், சிபெலியஸ், சைகோவ்ஸ்கி என்று எல்லாவற்றையும் ஹாமண்ட் என்ற மின்சார ஆர்கனில் போட்டு வறுத்தவர். லெனார்ட் பெர்ன்ஸ்டைனின் 'அமெரிக்கா' மெட்டை வாசிக்கும்போது ஆல்பர்ட் ஹால் மேடையில் அமெரிக்கக் கொடியை எரித்து, அந்த அரங்கத்தில் இனி வாசிக்கக் கூடாது என்று தடை வாங்கியவரும் இவர்தான். ஆர்கன் சாவிகளுக்கு நடுவே கத்தியைச் செருகி நோட்டை அழுத்திப் பிடித்துவைப்பார், பிறகு பெட்டியையே சாய்த்து உலுக்குவார். அந்தக் கத்திகளைக் கொடுத்தது அப்போது அவர்களுக்கு ரோடியாகப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த லெம்மி, பிற்பாடு மோட்டார்ஹெட் பேண்டை ஆரம்பித்தாரே, அதே லெம்மி.

கிரெக் லேக், பேஸ் கிதாரும் குரலும். கிங் கிரிம்சனின் முதல் ஆல்பத்தில், 1969 அக்டோபரில் வந்தது, அதில் பாடியவர். அந்த பேண்டின் ராபர்ட் ஃப்ரிப்பும் இவரும் சின்ன வயதில் போர்ன்மத் பக்கம் ஒரே வாத்தியாரிடம் கிதார் கற்றவர்கள். கார்ல் பால்மர், டிரம்ஸ். ஆர்தர் பிரவுனோடு சுற்றிவிட்டு அப்புறம் அட்டாமிக் ரூஸ்டர் பேண்டில் இருந்தவர், ரெக்கார்டிங் சமயத்தில் வயது 20தான். லேக்குக்கு 22, எமர்சனுக்கு 25. இந்த வயதுகளை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் ஆல்பத்தின் பாதித் திமிரும் பாதி அவசரமும் புரிந்துவிடும்.

1969 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் தி நைஸும் கிங் கிரிம்சனும் ஒரே மேடையில் வாசிக்க வேண்டியிருந்தது. அங்கே எமர்சனும் லேக்கும் சேர்ந்து கொஞ்சம் வாசித்துப் பார்த்ததில் ஒட்டிக்கொண்டது. 1970 கோடையில் பால்மர் சேர்ந்தார். ஆகஸ்ட் 23 அன்று பிளிமத் கில்ட்ஹாலில் முதல் கச்சேரி. இரண்டாவது கச்சேரி எங்கே தெரியுமா? ஆகஸ்ட் 29, ஐல் ஆஃப் வைட் திருவிழா, லட்சக்கணக்கான ஜனங்கள் முன்னால். ரஷ்யாவின் முசோர்க்ஸ்கி எழுதிய 'பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன்' என்ற படைப்பைத் தங்கள் பாணியில் வாசித்து, முடிவில் மேடையிலிருந்து பீரங்கி வெடித்தார்கள். ஜான் பீல் என்ற பிபிசி வானொலிக்காரர் திறமையும் வீண், மின்சாரமும் வீண் என்று சொன்னார். அந்த ஒரு வரி அந்த பேண்டைக் கடைசி வரை விடவில்லை. கொஞ்சம் நியாயமும் அதில் இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.

ஆல்பம் இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1970 ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, லண்டன் அட்விஷன் ஸ்டுடியோவில் பதிவானது. தயாரிப்பு கிரெக் லேக், எஞ்சினியர் எடி ஆஃபோர்ட். இந்த ஆஃபோர்ட்தான் யெஸ் பேண்டின் பெரிய ஆல்பங்களுக்கும் எஞ்சினியர், எனவே ப்ராக் ராக் என்று சொல்கிற அந்தக் காலத்துக் கலப்பு ராக் எப்படி ஒலித்தது என்பதில் இவர் காதுக்கு நிறைய பங்கு உண்டு. நவம்பர் 20 அன்று பிரிட்டனில் ஐலண்ட் கம்பெனி வெளியிட்டது, 4ஆம் இடம் வரை போனது. அமெரிக்காவில் அடுத்த ஜனவரியில் வந்து 18ஆம் இடம். அட்டையில் இருக்கும் வெள்ளைப் பறவை ஓவியம் நிக் டார்ட்னல் வரைந்தது. ஆல்பத்துக்குத் தனிப் பெயர் இல்லை, பேண்டின் பெயர்தான் பெயர்.

இப்போது பாட்டுக்கு வருவோம். 'தி பார்பேரியன்' பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். லேக்கின் பேஸ், ஃபஸ் என்கிற கரகரப்பு போட்டு உறுமி ஆரம்பிக்கிறது, ஆர்கன் சேர்கிறது, நீங்கள் சத்தம் என்று சொன்ன இடம். ஆனால் நடுவில் திடீரென்று எல்லாம் அடங்கி வெறும் பியானோ வரும், பால்மர் மெல்லப் பின்னால் தட்டிக்கொண்டு வருவார். அந்த இடத்தில் கவனியுங்கள், எமர்சனின் விரல்களில் பார்டோக் ஜாஸ் பக்கம் சாய்கிறார். அதே இடி, ஆனால் ஆடிக்கொண்டே இடிக்கிறது. அப்புறம் மறுபடியும் ஆர்கன் வந்து மோதும். இரைச்சலுக்கு நடுவே அந்தப் பியானோவைத் தவறவிடாமல் கவனித்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'நைஃப்-எட்ஜ்'. என்னைக் கேட்டால் கலப்பு என்ற வேலை ஆல்பத்திலேயே நன்றாக நடந்தது இங்கேதான். செக் நாட்டு லியோஷ் யனாச்செக் 1926இல் எழுதிய சின்ஃபோனியெட்டா என்று ஒன்று இருக்கிறது. அதன் முதல் பகுதியில் வயலினே கிடையாது, முழுக்க ட்ரம்பெட்டும் ட்யூபாவும் டிம்பனி முரசும்தான். உடற்பயிற்சி இயக்கம் ஒன்றின் பெரிய கூட்டத்துக்காக எழுத ஆரம்பித்த ஊதல் இசை அது, கோயிலில் சாமி புறப்படும்போது நாகஸ்வரமும் தவிலும் வாசலில் நின்று எழுப்புமே, அந்த மாதிரி திறந்தவெளிச் சத்தம். அதில் கீழே ட்யூபாக்கள் வாசிக்கிற மெட்டை லேக்கின் பேஸும் எமர்சனின் ஆர்கனும் எடுத்துக்கொள்கின்றன, கேட்கும்போது ஒரு ராக் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வருகிற சின்ன மெட்டு, என்றே தோன்றும். அப்படித் தோன்றுவதற்கு இவர்கள் அதிகம் மாற்றவேண்டியிருக்கவில்லை, யனாச்செக்கை வைத்துக் கேட்டால் தெரியும். மேலே லேக் சேவகத்தனமும் மிரட்டலும் கலந்த மாதிரி ஒரு பாட்டைப் பாடுகிறார், வரிகளில் அவரோடு அவர்களின் ரோடி ஒருவருக்கும் பங்கு.

நடுவில் வேகம் மாறி ஆர்கன் தனியாக ஓட ஆரம்பிக்கும். அது பாக், டி மைனரில் உள்ள முதல் ஃபிரெஞ்ச் சூட்டின் அலமாண்ட் என்ற நடனப் பகுதி. 1720களின் பாக்கை 1926இன் யனாச்செக்குக்கு நடுவே செருகி, இரண்டும் பகை கொள்ளாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எப்படி என்றால், பாக்கின் நோட்டுகளைச் சொட்டுச் சொட்டாக நீர் விழுவது போல வாசிக்காமல், அதே முரட்டு ஹாமண்ட் ஒலியில், அதே டிரம்ஸ் ஓட்டத்தில் வாசிப்பதால்தான். ஒலி ஒன்றாக இருந்தால் காலம் இரண்டாக இருந்தாலும் ஒட்டும். பாட்டு முடியும் இடத்தில் டேப்பை மெதுவாக்கி, யாரோ பிளக்கைப் பிடுங்கின மாதிரி எல்லாம் குழைந்து கீழே இறங்கி நிற்கும். நான் இதை முதலில் கேட்டது கேசட்டில். டேப் சிக்கிக்கொண்டது என்று பதறிப்போய் பொத்தானை அழுத்தி வெளியே எடுத்து, பென்சிலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். இரண்டாவது தடவை அதே இடத்தில் அதே மாதிரி ஆனபோதுதான் புரிந்தது.

இங்கே ஒரு சர்ச்சையும் இருக்கிறது. ஆல்பம் முதலில் வந்தபோது 'தி பார்பேரியன்' பாட்டுக்குக் கீழே மூன்று பேரின் பெயர்தான், பார்டோக்கைக் காணோம். 'நைஃப்-எட்ஜ்' பாட்டிலும் யனாச்செக்கைக் காணோம். பாக் இறந்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் யனாச்செக் இறந்தது 1928, பார்டோக் 1945. இருவருடைய இசைக்கும் 1970இல் காப்புரிமை உயிரோடுதான் இருந்தது. பிந்தைய பதிப்புகளில் இருவர் பெயரும் ஏறின. சுட்ட ட்யூன் என்று நம்மூரில் சினிமாப் பாட்டுக்குச் சொல்வோமே, அந்தக் கணக்கில் இதையும் சேர்க்கலாமா? பெயர் போடாதது தப்பு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒளித்துவைத்துச் சுட்டவர்கள் இல்லை இவர்கள். எமர்சன் அதற்கு முன்னாலேயே சில வருடமாக மேடையில் சிபெலியஸ், பாக் என்று வெளிப்படையாக வாசித்துக்கொண்டிருந்தவர். பிற்பாடு அர்ஜெண்டினாவின் ஹினஸ்டேராவுடைய ஒரு படைப்பை எடுத்தபோது அவரிடமே போட்டுக் காட்டி அனுமதி வாங்கினார்கள். பட்டறிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு பாட்டுக்கும் நடுவில் இருக்கிறது 'டேக் எ பெபிள்', 12 நிமிடத்துக்கு மேல். நீங்கள் மறுபடி ஆரம்பிப்பதாக இருந்தால் இதில் ஆரம்பியுங்கள். லேக் எழுதியது, குளத்தில் கல் எறிந்தால் வட்டம் வட்டமாக அலை போகுமே, அந்தப் படம்தான் பாட்டு முழுக்க. ஆரம்பத்தில் வீணையா சந்தூரா என்று தெரியாத மாதிரி ஒரு மீட்டல் கேட்கும், அது பியானோவேதான். எமர்சன் பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுத் தந்திகளை நேரடியாக வருடுகிறார். அமெரிக்காவின் ஹென்றி கவல் 1920களிலேயே இதைச் செய்துகாட்டியவர், ஆனால் ராக் ஆல்பத்தில் அந்த நாளில் யார் எதிர்பார்த்திருப்பார்கள்? லேக்கின் குரல் இங்கே ரொம்ப சுத்தம், சர்ச் பாட்டுக்காரப் பையன் குரல். அப்புறம் பாட்டு நின்று அக்கூஸ்டிக் கிதாரில் ஒரு நாட்டுப்புற ஆட்டம், கைதட்டலோடு. அதுவும் நின்று எமர்சனின் நீண்ட பியானோ, பாதி ஜாஸ், பாதி யாரோ ஒரு ஐரோப்பியப் பியானோக்காரர் தூக்கத்தில் வாசிப்பது போல. கடைசியில் பாட்டு திரும்பி வரும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் இடங்களில் தையல் தெரிகிறது, மறைக்கவும் அவர்கள் முயலவில்லை. எனக்கு அது குறையாகப் படவில்லை. மழை நாளில் கேட்டுப்பாருங்கள்.

இரண்டாம் பக்கம் வேறு கதை. முதல் பக்கத்தில் மூன்று பேர் சேர்ந்து ஒரு பேண்டாக இருக்கிறார்கள், திருப்பிப் போட்டால் ஆளுக்கொரு பாட்டு, ஆளுக்கொரு மேடை. பேண்ட் ஆரம்பித்து சில வாரங்களே ஆன ஆல்பம் என்பது இங்கே அப்பட்டமாகத் தெரியும்.

எமர்சனின் பங்கு 'தி த்ரீ ஃபேட்ஸ்'. நம்மூரில் பிரம்மா தலையில் எழுதிவிடுகிறார், கிரேக்கத்தில் மூன்று பெண்கள் அந்த வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கிளோத்தோ வாழ்க்கை நூலை நூற்பவள், லாக்கெஸிஸ் அளப்பவள், அட்ரோப்போஸ் கத்தரிப்பவள். கிளோத்தோவுக்காக எமர்சன் ஸ்டுடியோவை விட்டு லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலுக்குப் போய் அங்கே இருக்கும் பெரிய பைப் ஆர்கனை வாசித்திருக்கிறார். ரால்ஃப் டவுன்ஸ் வடிவமைத்து 1954இல் முடிந்த வாத்தியம், 7,866 குழாய்கள். அந்த முதல் ஒரு நிமிடம் நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் தரை அதிரும், அதை மறுக்க மாட்டேன். லாக்கெஸிஸ் தனிப் பியானோ. அட்ரோப்போஸ் பியானோ மேல் பியானோவாக ஓவர்டப் செய்தது, ஏழு எண்ணிக்கையில் ஓடும், நமக்கு மிஸ்ர சாப்பு பழக்கம் என்பதால் தொடையில் தட்டிக்கொண்டே போய்விடலாம், கடைசியில் ஒரு வெடிச்சத்தம். ஆனாலும் எனக்கு இது ஒட்டவில்லை. பார்டோக் மாதிரி எழுத ஒருவர் ஆசைப்படுகிறார் என்பதுதான் கேட்கிறது. பார்டோக்கையே எடுத்து வாசித்தபோது இருந்த சொந்தம், சொந்தமாக எழுதியபோது இல்லை. ஜான் பீல் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றேனே, அது இந்த மாதிரி இடங்களுக்குத்தான்.

'டாங்க்' பால்மருடையது. எமர்சன் கிளாவினெட் என்ற மின்சாரக் கீபோர்டில் குதித்துக் குதித்து ஒரு மெட்டை வாசிப்பார், பேஸ் கூடவே ஓடும், அப்புறம் தனி ஆவர்த்தனம். சபாக்களில் தனி ஆரம்பித்ததும் காபிக்கு எழுந்து போகிற கூட்டம் ஒன்று உண்டே, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்றால் நீங்கள் எழுந்து போய்விட்டு வரலாம். ஆனால் 20 வயதுப் பையன் எவ்வளவு சுத்தமாக வாசிக்கிறான் என்பதற்காக ஒரு தடவை உட்கார்ந்து கேட்பது நல்லது. தனி முடிந்து திரும்பும்போது புதிதாக ஒரு ஒலி உள்ளே வரும், பெரிய மாட்டு ஈ ஒன்று ரீங்காரம் செய்வது போல. அதுதான் மூக் சின்தசைசர்.

மூக் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் கடைசிப் பாட்டு புரியாது. அமெரிக்காவின் ராபர்ட் மூக் உருவாக்கியது. இப்போதைய கீபோர்ட் மாதிரி பொத்தானை அழுத்தினால் வயலின், பொத்தானை அழுத்தினால் புல்லாங்குழல் என்று வராது. அலமாரி அளவுக்குப் பெட்டி, முன்னால் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி வயர்களை இங்கிருந்து அங்கே செருகித்தான் ஒரு ஒலியையே உண்டாக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே நோட்டுதான் வரும், கார்ட் வாசிக்க முடியாது. அறை சூடானால் சுருதி நகர்ந்துவிடும். 1968இல் பாக்கை முழுக்க இதிலேயே வாசித்து வெண்டி கார்லோஸ் ஒரு ஆல்பம் போட்டார், எமர்சனுக்கு ஆசை வந்தது அதைக் கேட்டுத்தான். பெரும்பாலோர் இதை ஸ்டுடியோச் சாதனமாகவே பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் மேடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

கடைசிப் பாட்டு 'லக்கி மேன்'. ஆல்பம் முடிகிற நேரத்தில் இன்னும் ஒரு பாட்டு குறைகிறது, யாரிடமும் சரக்கு இல்லை. லேக் தயங்கித் தயங்கி, சின்ன வயதில் எழுதிய பாட்டு ஒன்று இருக்கிறது என்கிறார். 12 வயதில் அம்மா கிதார் வாங்கிக்கொடுத்ததும் கற்றுக்கொண்ட நாலே கார்டை வைத்து எழுதியது. வெள்ளைக் குதிரைகள், அழகிகள், பொன் மெத்தை, எல்லாம் இருந்த ஒருவன் அரசனுக்காகப் போருக்குப் போய்க் குண்டடிபட்டுச் சாகிறான், பணம் காப்பாற்றவில்லை. பள்ளிக்கூடப் பையன் எழுதும் ராஜா கதைதான். எமர்சனுக்கு இதில் தனக்கு என்ன வேலை என்று தெரியவில்லை, பப்புக்குப் போய்விட்டார். லேக்கும் பால்மரும் மட்டும் கிதாரும் டிரம்ஸுமாக ஆரம்பித்தார்கள், முதலில் சகிக்கவில்லை. லேக் மேலே பேஸ் போட்டார், இன்னும் சில கிதார்கள் போட்டார், குரல் மேல் குரல் அடுக்கினார், மெல்ல அது ஒரு ரெக்கார்ட் மாதிரி ஆகிவிட்டது. திரும்பி வந்து கேட்ட எமர்சன் அசந்துபோய், முடிவில் இடம் இருக்கிறதே, மூக் சின்தசைசரில் ஏதாவது வாசித்துப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தார். ஒத்திகை என்று நினைத்து அவர் வாசிக்க, ஆஃபோர்ட் டேப்பை ஓடவிட்டிருந்தார். முடிந்ததும் இன்னொரு டேக் எடுக்கலாம் என்றார் எமர்சன், மற்றவர்கள் விடவில்லை. அந்த ஒரே டேக்தான் ஆல்பத்தில் இருப்பது.

ராக்கில் மூக் சின்தசைசருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த முதல் சோலோக்களில் ஒன்று அது, வாசித்தவருக்கோ பிடிக்கவில்லை. அடி ஆழத்திலிருந்து ஒரு நோட்டு எழுந்து வழுக்கிக்கொண்டே மேலே போகும், படி படியாக ஏறாது, நம்மூர் ஜாரு மாதிரி இரண்டு சுரத்துக்கும் நடுவில் இருப்பதையெல்லாம் தடவிக்கொண்டு போகும். பியானோவிலோ ஆர்கனிலோ வாழ்நாள் முழுக்க வாசித்தாலும் கிடைக்காத ஒன்று அது, சாவிகளுக்கு நடுவில் இடைவெளி இருக்கிறது அல்லவா. பார்டோக்கும் யனாச்செக்கும் பாக்கும் 7,866 குழாய்களும் இருக்கிற ஆல்பத்தில் அமெரிக்க வானொலிகள் பிடித்துக்கொண்டது நாலு கார்ட் சிறுவர் பாட்டைத்தான். சிங்கிளாக வந்து அங்கே 48ஆம் இடம் வரை போனது. இன்றும் இந்த பேண்டின் பெயர் தெரியாதவர்கள்கூட இந்தப் பாட்டைக் கேட்டிருப்பார்கள்.

வெஸ்டர்ன் கிளாசிக்கல் தெரியாமல் இதைக் கேட்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. நான் கேட்டபோது எனக்கு பார்டோக் யார் என்றே தெரியாது, இந்த ஆல்பம் வழியாகத்தான் அவரிடம் போனேன், பிறகு யனாச்செக்கிடம். வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் 'லக்கி மேன்', அடுத்து 'டேக் எ பெபிள்', அப்புறம் 'நைஃப்-எட்ஜ்'. 'த்ரீ ஃபேட்ஸ்' கடைசியில், அல்லது கேட்காமலே விட்டாலும் குற்றமில்லை. ஸ்டீவன் வில்சன் 2012இல் செய்த ரீமிக்ஸும் இருக்கிறது, வாத்தியங்கள் அதில் தெளிவாகப் பிரிந்து கேட்கும், ஆனால் முதல் தடவைக்குப் பழைய மிக்ஸே போதும், அந்த நெரிசல் 'நைஃப்-எட்ஜ்' பாட்டுக்கு வேண்டும்.

'தி பார்பேரியன்' பாட்டுக்குத் திரும்புவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். 'அலெக்ரோ பார்பரோ'வை பார்டோக்கே 1929இல் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார், தேடினால் கிடைக்கும், மூன்று நிமிடம்கூட இருக்காது. பழைய தட்டின் கரகரப்புக்கு அடியில் ஒல்லியான ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து பியானோவை இடித்துக்கொண்டிருப்பார். அதைக் கேட்ட சூட்டோடு லேக்கின் பேஸ் உறுமுகிற இடத்தைப் போடுங்கள், வால்யூமைக் குறைக்காமல்.